சேர்க்கை நடைபெறுகிறது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய மேலதிகாரியாகப் போலந்து நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். கூடவே அவர் மனைவி மார்த்தாவும் ஐந்து வயது மகள் ஹானியாவும் வந்தார்கள். வருவதற்கு முன்பே அந்த அம்மாள், மகளைப் பற்றி இரண்டே வரியில் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டிருந்தார். இரண்டு வரியை இரண்டு வரியாகவே விட்டுவைத்தால் மனிதவளப் பிரிவு என்று ஒன்று எதற்கு? அங்கே இருந்த வைகுந்த் சார் அதை எடுத்து நாற்பத்திரண்டு கட்டம் போட்ட எக்செல் ஷீட்டாக்கி, அதற்கு ஒரு ஃபைல் நம்பர் கொடுத்து, 'பன்னாட்டுச் சிறார் கல்விக் குடியமர்வுத் திட்டம்' என்று பெயரும் சூட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வரியை யாரும் படிக்கவில்லை. அவரே முழுசாகப் படித்தாரா என்பதும் சந்தேகம்தான்.

கட்டங்களில் ஏசி இருந்தது, ரோபோ இருந்தது, நீச்சல் குளம், குதிரையேற்றம், மூன்று விதமான சீருடை எல்லாம் இருந்தன. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்து ஏழு பள்ளிகளைப் பொறுக்கி வைத்திருந்தார். அவற்றையெல்லாம் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சுற்றிக் காட்டுகிற வேலை கம்பெனி டிரைவர் குணாளன் தலையில் விழுந்தது.

"ஏரியால இருக்கற ஸ்கூலெல்லாம் உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டார் வைகுந்த் சார்.

"கேட்டு வரைக்கும் தெரியும் சார்" என்றான் குணாளன்.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, ஏரியை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு, பதினோரு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன். எந்த அதிகாரியைக் கொண்டுபோய் எந்த வாசலில் இறக்கினாலும் அவன் நிற்கிற இடம் கேட்டுக்கு வெளியேதான். நிழல் இருந்தால் அதிர்ஷ்டம். தன் மகள் இளமதியாவது ஒரு பெரிய கேட்டுக்குள் தலை நிமிர்ந்து நடந்து போகவேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை. அந்த ஆசையோடு போன வருஷம் ஒரு கேட்டுக்குள் நுழைந்து மூக்கறுபட்டும் வந்திருந்தான்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற 'எமினென்ஷியா குளோபல் ஸ்கூல்' அது. அங்கே குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். 'குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.' போன வருஷம் குணாளன் குடும்பத்தை நாலு சுற்றில் தேர்ந்தெடுக்காமல் விட்டார்கள். முதல் சுற்றில் முதல்வர் ஸ்ரீவாணி மேடம் அவனைப் பார்த்து, "ட்வென்ட்டி ஃபார்ட்டி ஃபைவ்ல உங்க டாட்டரை எந்தக் கண்டத்துல விஷுவலைஸ் பண்றீங்க?" என்று கேட்டார். அவன் யோசித்துப் பார்த்து, "ஊட்டாண்டதான் மேடம்" என்றான். அவன் மனைவி பிரேமா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். அதற்கும் மார்க் குறைத்தார்கள்.

கடைசிச் சுற்றில் குழந்தைக்குப் படம் காட்டினார்கள். ஆப்பிளைப் பார்த்து ஆப்பிள் என்றது குழந்தை. அடுத்து மீன் படம். 'ஃபிஷ்' என்று சொல்லவேண்டும், வேலை முடிந்தது. இளமதியோ தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடை கூடையாக மீன் பார்த்து வளர்ந்தவள். படத்தைக் கையில் வாங்கி, வாயைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள். "மடவை" என்றாள். பிறகு, "இல்ல, இரு... கொடுவா" என்று திருத்திக்கொண்டாள். ஸ்ரீவாணி மேடம் தாளில் ஒரு பெரிய முட்டை போட்டார். இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'வயது மூன்றரை. பொருள்களை அடையாளம் காணும் திறன் இல்லை. நாட் ஸ்கூல் ரெடி.' கீழே வட்டமாக ஒரு தங்கநிற முத்திரை.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடவும் அவனுக்கு மனசு வரவில்லை, வீட்டில் வைக்கவும் பிடிக்கவில்லை. கார் டேஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருந்தான். ஆர்.சி. புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே வரும். 

இப்போது மார்த்தா மேடத்தோடு பள்ளி பார்க்கும் படலம் தொடங்கியது. அந்த அம்மாளின் ஆங்கிலமும் குணாளனின் ஆங்கிலம் மாதிரியே ஓட்டை உடைசல்தான். அதனால் இரண்டு பேருக்கும் ஒருவர் பேசுவது ஒருவருக்கு நன்றாகவே புரிந்தது. நன்றாக ஆங்கிலம் பேசுகிற வைகுந்த் சார் போனில் வந்தால்தான் இரண்டு பேரும் முழித்தார்கள்.

முதல் பள்ளி திருவள்ளூரில். நீச்சல் குளம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது, ஏனென்றால் தண்ணீர் இல்லை. "ஃபர்ஸ்ட் இயர் தியரி மட்டும்தான் மேடம்" என்றார் அங்கே இருந்தவர். "தண்ணி மேல இருக்கற பயம் போனப்புறம் தண்ணி விடுவோம்." சுவரில் ஒட்டியிருந்த நீச்சல் படங்களுக்கு நேராக நின்று பிள்ளைகள் காற்றில் கை வீசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் பிறந்து வளர்ந்த ஜாதி குணாளன். அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான்.

இரண்டாவது, கடம்பத்தூர் போகிற வழியில். அங்கே குதிரையேற்றம் உண்டு, குதிரை மட்டும் காணோம். விசாரித்தால், அன்றைக்கு முகூர்த்த நாள். "மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருக்கு மேடம், ரிசப்ஷன் முடிஞ்சதும் வந்துடும்" என்றார் மேலாளர். "நம்ம ஸ்டூடண்ட்ஸ்க்கு ஆடியிலயும் மார்கழியிலயும் ரைடிங் ரொம்ப இன்டென்ஸிவ்வா இருக்கும்." அந்த மாதங்களில் கல்யாணம் கிடையாது என்பதைக் குணாளன் தன் ஓட்டை ஆங்கிலத்தில் விளக்கினான். மார்த்தா மேடம் காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவதுதான் எமினென்ஷியா. கார் வளாகத்துக்குள் திரும்பும்போதே குணாளன் டேஷ்போர்டை ஒருமுறை அழுத்தி மூடிக்கொண்டான். வரவேற்பறையில் ஆளுயர ரோபோ ஒன்று, "வெல்கம் டு எமினென்ஷியா" என்று சொல்லிக்கொண்டே ஹானியாவை நோக்கி நகர்ந்து வந்தது. அதன் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தவர் வாட்ச்மேன் பச்சையப்பன்.

"மோட்டாரு போய் ஆறு மாசம் ஆவுது" என்று குணாளன் காதில் கிசுகிசுத்தார் அவர். "பேச்சு மட்டும் ஓயல. இடுப்பு போயிடுச்சு நைனா."

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று மார்த்தா மேடம் பிடிவாதமாகச் சொன்னதால் குணாளனையும் உள்ளே விட்டார்கள். போன வருஷம் அவனை நிராகரித்த அதே மேசை, அதே மூன்று பேர். நடுவில் ஸ்ரீவாணி மேடம். வலப்பக்கம் குழந்தை மனநல நிபுணர், அவர் காலையில் எட்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பார். இடப்பக்கம் உலகளாவிய ஒருங்கிணைப்பாளர். அவர் வேன்களுக்குப் பொறுப்பு. மூவருக்கும் குணாளனை அடையாளம் தெரியவில்லை.

ஸ்ரீவாணி மேடம் ஆப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டினார். "யப்கோ" என்றாள் ஹானியா. சொன்னது போலிஷ் வார்த்தை; அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன ஆக்ஸென்ட்!" என்றார் வேன் பொறுப்பாளர்.

அடுத்து மீன். குணாளன் அதை உற்றுப் பார்த்தான். அதே படம்தான், ஓரம்கூட அதே இடத்தில் மடங்கியிருந்தது. "ரிபா" என்றாள் ஹானியா.

"சயின்டிஃபிக் நேம் சொல்றா மேடம்" என்றார் விலங்கியல்காரர், நெஞ்சில் கை வைத்து.

"அஞ்சு வயசுல!" என்று சொல்லி நூற்றுக்கு நூறு போட்டார் ஸ்ரீவாணி மேடம். பிறகு பள்ளியின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினார். "மேடம், எங்க கேம்பஸ்ல தமிழ் ஸீரோ டாலரன்ஸ். தண்ணி வேணும்னாக்கூட இங்கிலீஷ்ல கேட்டாத்தான் குடுப்போம். சில குழந்தைங்க சாயந்தரம் வரைக்கும் கேக்கறதே இல்ல, அந்த அளவுக்கு டிசிப்ளின். ப்ளே ஏரியா பாத்தீங்களா? புல்லு மலேசியாலேர்ந்து வரவழைச்சது. மிதிச்சா கெட்டுடும்னு யாரையும் இறக்கறதில்ல. தினமும் ட்வென்ட்டி மினிட்ஸ் கிளாஸ் வழியாப் பாக்க வைப்போம். விஷுவல் ப்ளேன்னு பேரு."

மார்த்தா மேடம் கண்ணாடி வழியாகப் புல்லைப் பார்த்தார். இருபது குழந்தைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வரும்போது குணாளன் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் தாளாளர் பார்த்திபன். ஜல்லி கிரஷர் வைத்துச் சம்பாதித்து, ஜல்லியை விடக் கல்வியில் தூசு குறைவு என்று கண்டுபிடித்து இந்தப் பக்கம் வந்தவர். வாட்ச்மேன் மூலம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

"தம்பி, போன வருஷம் உன் பொண்ணுக்கு இங்க கிடைக்கலையாமே? மனசுல வச்சுக்காத. அந்த வெள்ளக்காரப் பாப்பா மட்டும் இங்க சேந்துட்டா, உன் பொண்ணுக்கும் சீட்டு. ஃபீஸ் பத்திப் பேச்சே கிடையாது. அந்தம்மா உன் பேச்ச கேக்குதுல்ல? நல்ல ஸ்கூலுன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே வீடு தேடி வந்து வரம் தருகிறேன் என்கிறான். குணாளன் தலையாட்டிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் காரை ஓட்டிக்கொண்டே, கண்ணாடியில் மேடம் முகத்தைப் பார்க்காமல், "அது நல்ல ஸ்கூல் மேடம்" என்றான். சொன்ன வாய் கசந்தது.

வீட்டில் வந்து சொன்னபோது பிரேமா, "அந்த ஸ்கூலு இன்னாத்துக்குய்யா?" என்றாள். "பால்வாடிக்குப் போய்க்கினு நல்லாத்தான கீறா உம் பொண்ணு? புவனேஸ்வரி டீச்சரு தங்கமா பாத்துக்கறாங்க. அந்தப் பேஜாரு புடிச்ச ஊட்ல போயி தண்ணிக்கு இங்கிலீஷ் பேசணுமா அது?"

"உனுக்குத் தெரியாது. நான் கேட்டாண்ட நின்னவன். எனக்குத்தான் தெரியும்."

"கேட்டாண்ட நிக்கறது உன் டூட்டி. அதுக்குக் குழந்த இன்னா பண்ணும்?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

அந்தச் சனிக்கிழமை மார்த்தா மேடம் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகவேண்டும் என்றார். பிரேமாவுக்குப் பேக்கிங் கம்பெனியில் ஓவர்டைம். வேறு வழியில்லாமல் குணாளன் இளமதியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடி வந்து நின்றான். மேடம் கதவைத் திறந்து இளமதியைப் பின்சீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். புதுவாயல் தாண்டும் வரைக்கும் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு வந்தன. பொன்னேரி வருவதற்குள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாயிற்று. ஏரிக்கரையில் இறங்கியதும், படகிலிருந்து கொட்டிய மீன் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு இளமதி ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். ஹானியா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஐந்து வயதுப் பெண், அந்த ஊருக்கு வந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்புறம் எந்த நாளும் இளமதி இல்லாமல் ஹானியா காரில் ஏறமாட்டேன் என்றாள். மூன்று வாரத்தில் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழ் வந்துவிட்டது. அதுவும் சுத்தமான புதுவாயல் தமிழ். வைகுந்த் சார் ஒருநாள் குனிந்து, "ஹலோ பேபி, ஹவ் ஆர் யூ?" என்று கேட்டபோது, "நாஷ்டா துன்னியா?" என்று விசாரித்தாள். அவர் அதைப் போலிஷ் என்று நினைத்துச் சிரித்து வைத்தார்.

இதற்கிடையில் மீதி நாலு பள்ளிகளையும் பார்த்து முடித்தார்கள். பார்த்திபன் தினம் ஒருமுறை போன் செய்தார். மார்த்தா மேடம் தினம் ஒருமுறை, "பார்க்கலாம்" என்றார். நம் ஊர் ஆபீஸில் பார்க்கலாம் என்றால் ஆகாது என்று அர்த்தம். வெள்ளைக்காரர்கள் பார்க்கலாம் என்றால் ஆச்சு என்று அர்த்தமாக்கும் என முடிவு கட்டிவிட்டார் தாளாளர். ஒரு திங்கட்கிழமை காலை புதுவாயல் கூட்டுரோட்டில், ஓட்டல் பெயர்ப்பலகையையும் மருந்துக்கடையையும் சேர்த்து மறைத்துக்கொண்டு ஐம்பதடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் எழுந்தது. வைகுந்த் சார் அனுப்பிய விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த ஹானியாவின் போட்டோ ஒரு பாதி, அதைவிடப் பெரிதாகக் கைகூப்பிய பார்த்திபன் மறு பாதி. பின்னால் ஈபிள் கோபுரம். 'போலந்து நாட்டின் தேர்வு எமினென்ஷியா! இன்று சர்வதேச மாணவி வரவேற்பு விழா. சேர்க்கை நடைபெறுகிறது!'

அந்த வழியாக வந்த மார்த்தா மேடம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். "குணா, யார் அந்த ஆள்? தேர்தலில் நிற்கிறாரா? என் பெண் ஏன் அவரோடு நிற்கிறாள்?"

குணாளன் தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னான். மேடத்தின் முகம் சிவந்தது. "அந்தப் பள்ளிக்கு விடு."

போகும்போதே பார்த்திபனிடமிருந்து போன். "தம்பி, அந்தம்மாவ கூட்டிக்கினு விழாவுக்கு வந்துடு. அந்தப் பழைய ரிஜெக்ட் லெட்டரையும் எடுத்துக்கினு வா. ஸ்டேஜ்லயே மாத்திக் குடுக்கறேன், போட்டோ எடுத்துக்கலாம்." குணாளன் டேஷ்போர்டிலிருந்து கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இன்னும் அரைமணி நேரத்தில் அவன் மகள் அந்தக் கேட்டுக்குள் படிக்கப் போகிறவளாக ஆகிவிடுவாள். பின்சீட்டில் அவள் ஹானியாவோடு கை தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

சண்டை போடப் போன மேடத்தை வாசலிலேயே பேண்டு வாத்தியம் வரவேற்றது. ஆரத்தி சுற்றினார்கள். ரோபோ குறுக்கே வந்து மாலை போட்டது, பின்னால் பச்சையப்பன் மூச்சு வாங்கினார். மேடம் வாயைத் திறப்பதற்குள் அம்மாவையும் பெண்ணையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். எதிரே வெயிலில் பெற்றோர் முந்நூறு பேர், வராவிட்டால் பிள்ளைக்கு ஆப்சென்ட் என்று சொல்லி வரவழைக்கப்பட்டவர்கள். குணாளன் இளமதியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றான்.

பார்த்திபன் மைக்கைப் பிடித்தார். "கல்வி என்பது ஒரு சேவை. அதை நான் பன்னிரண்டு ஏக்கரில் செய்கிறேன். இந்தக் குழந்தை என்ன கற்றுக்கொள்ளப் போகிறது என்பது முக்கியமல்ல. இந்தக் குழந்தை இங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். நாளைக்கு உங்கள் பிள்ளை யாரோடு படித்தான் என்று நாலு பேர் கேட்டால், வெள்ளைக்காரப் பிள்ளையோடு படித்தான் என்று சொல்லலாம். படித்தானா என்று யாரும் கேட்கமாட்டார்கள்!" கைதட்டல் எழுந்தது. முன்வரிசை ஆசிரியைகள் கடைசியாகத்தான் நிறுத்தினார்கள்.

அடுத்து ஸ்ரீவாணி மேடம் எழுந்தார். "எங்க அசெஸ்மென்ட் எவ்வளவு சயின்டிஃபிக்னு இப்ப நீங்களே லைவ்வா பாக்கப் போறீங்க" என்று சொல்லி, மைக்கை ஹானியாவின் வாய்க்கு நேரே வைத்து, அந்த மீன் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

ஹானியா படத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "மடவை!" என்றாள். ஒலிபெருக்கி அதைப் புதுவாயல் வரைக்கும் கொண்டுபோயிற்று.

கூட்டத்தில் பாதிப்பேருக்கு மீன்காரக் குடும்பத்தில் சம்பந்தம் உண்டு. குபீரென்று சிரித்தார்கள். ஸ்ரீவாணி மேடம் சளைக்கவில்லை. "சிரிக்காதீங்க பேரண்ட்ஸ். நம்ம பசங்க ஃபிஷ்னு பொதுவா சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. யூரோப்பியன் சைல்டு பாருங்க, எது எந்த வகைன்னு கிளாஸிஃபை பண்றா! இதுதான் குளோபல் தாட் ப்ராசஸ். ஹண்ட்ரட் அவுட் ஆஃப் ஹண்ட்ரட்!"

"ஐய, அது மடவை இல்ல ஹானியா!" என்று குணாளனின் தோள்மேலிருந்து ஒரு குரல் கீச்சென்று எழுந்தது. "கொடுவா! வாயப் பாரு, எம்மாம் பெருசா கீது!"

மேடையில் ஹானியா படத்தைப் பிடுங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "ஆமா இளமதி. கொடுவாதான் கீது" என்றாள் மைக்கில்.

அவ்வளவுதான். தமிழுக்கு ஸீரோ டாலரன்ஸ் உள்ள வளாகத்தில், தண்ணீர்கூடக் கேட்காமல் வாயை மூடி வைத்திருந்த பிள்ளைகள் நானூறு பேரும் ஒரே குரலில் ஓவென்று கத்தினார்கள். யாரோ ஒரு வாண்டு, "எங்க ஊட்லயும் நேத்து கொடுவா கொழம்பு!" என்று கூவியது.

"யாருடைய குழந்தை அது? ஹூ ப்ராட் திஸ் சைல்டு?" என்றார் ஸ்ரீவாணி மேடம்.

முந்நூறு தலையும் திரும்பியது. வாயை மூடிக்கொண்டு நின்றால் சீட்டு. அது குணாளனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தோளில் உட்கார்ந்திருந்தவள் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அவன் முடியைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். போன வருஷமும் அவள் சரியாகத்தான் சொன்னாள், அவன்தான் அவளைத் தலை குனிந்து தூக்கிக்கொண்டு வந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போனான்.

"என் பொண்ணு மேடம். போன வருஷம் இதே படம், இதே பதிலு. நீங்க முட்ட போட்டீங்க." கடிதத்தை எடுத்து நீட்டினான். "இவுங்க பொண்ணு சொன்னா நூறு, என் பொண்ணு சொன்னா நாட் ஸ்கூல் ரெடியா? மீன் ஒண்ணுதான மேடம்?"

ஸ்ரீவாணி மேடம் வாங்கவில்லை. மார்த்தா மேடம் வாங்கினார். முதலில் தங்க முத்திரையைப் பார்த்தார், பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தார். "வயது மூன்றரை. பள்ளிக்குத் தயாராக இல்லை." நிமிர்ந்து, புரியாமல் அவனைப் பார்த்தார். "இது நல்ல சான்றிதழ்தானே குணா? இதை ஏன் இத்தனை நாள் ஒளித்து வைத்தாய்?"

"நல்லதா மேடம்?"

"மூன்றரை வயதில் எந்தக் குழந்தை தயாராக இருக்கும்? எங்கள் நாட்டில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம். ஹானியாவும் தயாராக இல்லை. தயாராக வேண்டிய வயசும் இல்லை."

"அப்ப எதுக்கு மேடம் இத்தினி ஸ்கூல் பாத்தோம்?"

"அதைத்தான் நானும் மூன்று வாரமாகக் கேட்க நினைத்தேன். உங்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது, மறுக்கக் கூடாது என்று வந்தேன். நான் கம்பெனிக்கு எழுதியது இரண்டு வரிதான். 'ஹானியாவுக்கு அங்கே யாரையும் தெரியாது. அவளோடு விளையாட ஒரு குழந்தை கிடைக்குமா?'"

முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த வைகுந்த் சார் தன் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

மார்த்தா மேடம் கடிதத்தை அழகாக மடித்துக் குணாளன் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். ஹானியாவின் கழுத்து மாலையைக் கழற்றி ரோபோவுக்கே போட்டார். யாரும் மிதிக்காமல் வெயிலில் மின்னிய மலேசியப் புல்லை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

பார்த்திபன் ஓடி வந்து குணாளன் கையைப் பிடித்தார். ஜல்லி கிரஷரைத் தூக்கி நிறுத்திய மனிதர், அவ்வளவு எளிதில் விடுவாரா? "தம்பி, அந்தம்மாகிட்ட பேசு. தமிழ் பேசும் வெள்ளக்காரப் பாப்பான்னு புது பேனர் அடிச்சிடலாம், இன்னும் நல்லா ஓடும். உன் பொண்ணுக்கு இப்பவே, இந்த நிமிஷமே சீட்டு. யூனிஃபார்ம் ஃப்ரீ. என்ன சொல்ற?"

பெரிய கேட்டு திறந்தேதான் இருந்தது. குணாளன் தோளிலிருந்த மகளைப் பார்த்தான். அவள் இறங்கி அந்தப் புல்லில் ஓடவேண்டும் என்று திமிறிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சார்" என்றான். "எம் பொண்ணு இன்னும் ஸ்கூலுக்கு ரெடி ஆவல."

மறுநாள் காலை மார்த்தா மேடத்தையும் ஹானியாவையும் ஏற்றிக்கொண்டு, இளமதி போகிற பால்வாடிக்குக் காரை விட்டான். ஒரு அறை, ஒரு வாசல், அதன் முன்னால் கொஞ்சம் மணல். புவனேஸ்வரி டீச்சர் வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்துக் கொஞ்சம் பதறி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நோட்டை எடுத்தார். பேர் கேட்டார், வயசு கேட்டார், ஹானியாவைத் தூக்கி எடை மெஷினில் நிறுத்தினார். பதினெட்டரை கிலோ. "கொஞ்சம் இளைச்சாப்ல கீது. முட்ட துன்னுமா?" என்று கேட்டார். நோட்டை மூடிவிட்டார்.

"அவ்ளோதானா டீச்சர்?" என்று வாசலிலிருந்தே கேட்டான் குணாளன்.

"வேற இன்னா வேணும்? நீ இன்னாத்துக்கு கேட்டுலயே நின்னுக்கினு கீற? உள்ள வாப்பா, கை குடு. வெயிலுக்கு, மேல ஒரு மறைப்பு கட்டணும்."

பதினோரு வருஷத்தில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.

மறைப்பைக் கொண்டுவந்திருந்தவர் பச்சையப்பன். கூட்டுரோட்டிலிருந்து இறக்கிக் குப்பையில் போடச் சொன்ன ஐம்பதடி ஃபிளெக்ஸ். நல்ல சரக்கு, பத்து வருஷம் மழை தாங்கும் என்றார். கைகூப்பிய தாளாளர் இருந்த பாதியை அறுத்துப் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கொடுத்தார்கள். ஹானியா படமும் எழுத்தும் இருந்த மறு பாதியை இழுத்து நாலு மூலையும் கட்டினார்கள். கீழே ஹானியாவும் இளமதியும் இன்னும் பதினாலு பிள்ளைகளும் மணலைக் குவித்து ஏரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மார்த்தா மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டார்.

குணாளன் கடைசிக் கயிற்றை முடிச்சுப் போடும்போது, கேட்டுக்கு வெளியே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அண்ணாந்து, 'சேர்க்கை நடைபெறுகிறது' என்பதை மெதுவாகப் படித்தாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினாள்.

"அண்ணா, அட்மிஷன் நடக்குதா? இன்டர்வியூ எல்லாம் இருக்குங்களா?"

"இருக்குது. எடை போடுவாங்க" என்றான் குணாளன். "கேட்டுலயே நிக்காதம்மா. உள்ள வா."